நிமிட முள் இல்லாத கடிகாரம்: பிஷப் ஹில் (இல்லினாய்) என்ற சின்ன ஊரின் கதை

#1 சோளக்காடு

பியோரியாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சிகாகோவைக் காட்டுவேன், இல்லையென்றால் ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் வீடு. இந்த முறை வந்த மாமனார், "கட்டடமாப் பார்த்தாச்சு மாப்பிள்ளை, இந்த நாட்டுல கிராமமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டார். அப்படித்தான் போன சனிக்கிழமை பிஷப் ஹில் போனோம்.

வடமேற்கே காரில் ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். வேறு ஒன்றும் இல்லை. திடீரென்று அந்தச் சோளத்துக்கு நடுவில் கிரேக்கக் கோயில் மாதிரி முகப்போடு ஒரு மூன்று மாடிக் கட்டடம், உச்சியில் கூண்டு, கூண்டில் கடிகாரம். மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். "ஒரு முள்ளு விழுந்துபோச்சா?" என்றார். விழவில்லை. நான்கு பக்கமும் நான்கு முகம். நான்கிலும் மணி முள் மட்டும்தான். நிமிட முள் வைக்கவே இல்லை.

2020 கணக்கெடுப்பில் இந்த ஊரில் 114 பேர். அதற்கு முந்தின 2010 கணக்கில் 128. ஆனால் 1850களில் இது ஆயிரம் பேர் வரை வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிட்டு, ஒரே கணக்கில் சம்பாதித்த ஊர். யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. சுவீடனிலிருந்து எரிக் யான்சன் என்ற ஒரு விவசாயியை நம்பி 1846-ல் வந்து இறங்கியவர்கள். 1861-ல் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். பதினைந்தே வருஷம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரைக் கொன்றது ரயில். பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதும் அதே ரயில்தான். பிரதான தடம் சில மைல் தள்ளி கால்வா என்ற ஊர் வழியாகப் போனது. வியாபாரமும் அங்கே போய்விட்டது. இங்கே இடித்துக் கட்டுவதற்குக்கூட யாரிடமும் காசில்லை. அதனால்தான் 1848-ல் கட்டிய சபை இன்னும் நிற்கிறது.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். தப்பிருந்தால் திருத்துங்கள்.

#2 தேரடி

நல்ல இழை. ஒரு சந்தேகம், பிஷப் ஹில் என்றால் அங்கே ஏதாவது பிஷப் இருந்தாரா? பெயரைப் பார்த்து கத்தோலிக்க ஊர் என்று நினைத்துவிட்டேன்.

#3 சோளக்காடு

பிஷப்பும் இல்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி குன்றும் இல்லை தேரடி. யான்சன் பிறந்த ஊர் சுவீடனில் உப்லாந்து பகுதியில் உள்ள பிஸ்கோப்ஸ்குல்லா. அந்தப் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கி வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பாதிரிகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த கூட்டத்தின் ஊருக்கு பிஷப் பெயர்.

#4 பழையபேப்பர்

சோளக்காடு ஊரைக் காட்டிவிட்டார். அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

1726-ல் சுவீடனில் ஒரு சட்டம் வந்தது. பாதிரியார் இல்லாமல் வீட்டில் கூடி ஜெபம் செய்யக்கூடாது. குடும்பத்தோடு செய்யலாம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டால் குற்றம். அரசாங்கச் சபை லூத்தரன் சபை. அதைத் தாண்டி யாரும் மூச்சுவிடக் கூடாது. இந்தச் சட்டம் 1858 வரை இருந்தது.

யான்சன் 1808-ல் பிறந்தவர். இளம் வயதில் கடுமையான வாத நோய், ஒருநாள் ஜெபத்தில் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அதிலிருந்து ஆரம்பம். 1843-ல் கோதுமை மாவு விற்க வடக்கே ஹெல்சிங்லாந்து பக்கம் போனார். மாவு மூட்டையோடு பிரசங்கமும் போனது. அங்கே ஏற்கெனவே வீட்டுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த பக்திக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் யோனாஸ் ஓல்சன். பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

யான்சன் சொன்னது இரண்டே விஷயம். பைபிள் போதும், வேறு நூல் வேண்டாம். உண்மையாக விசுவாசிக்கிறவனிடம் பாவமே கிடையாது. இரண்டாவதுதான் பாதிரிகளை உசுப்பிவிட்டது. 1844-ல் லூத்தரின் நூல்கள் உட்பட பக்தி நூல்களைக் குவித்து எரித்தார்கள். கைது, விசாரணை, விடுதலை, மறுபடி கைது. கடைசியில் நார்வே வழியாகத் தப்பி 1846-ல் அமெரிக்கா வந்துவிட்டார். பெண் வேஷம் போட்டுத் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. தலைமறைவான எல்லாச் சாமியாருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இல்லினாயை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யோனாஸ் ஓல்சனின் தம்பி ஓலோஃப் ஓல்சனை 1845-ல் முன்கூட்டியே அனுப்பினார்கள், இடம் பார்த்து வரச் சொல்லி. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பலையே சபையாக்கி, வந்து இறங்கும் சுவீடன்காரர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார் ஹெட்ஸ்ட்ரோம் என்ற மெதடிஸ்ட். அவருடைய தம்பி இல்லினாயில் விக்டோரியா என்ற ஊரில் கொல்லர். "என் தம்பி இருக்கிறான், போய்ப் பார்" என்றார். அவ்வளவுதான். தம்பி மினசோட்டாவில் இருந்திருந்தால் நாம் இன்று மினசோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

#5 வழிப்போக்கன்

சுருக்கமா சொன்னா ஆசிரமம். சொத்தை எழுதி வாங்கிட்டு சாமியார் சொகுசா இருந்திருப்பார். இதுக்கு எதுக்கு வரலாறு.

#6 பழையபேப்பர்

எழுதி வாங்கியது உண்மை. ஆனால் அந்தப் பணம் போன வழியைப் பாருங்கள். வசதியுள்ளவன் நிலத்தை விற்றுப் பொதுப் பெட்டியில் போட்டான். அந்தப் பெட்டியிலிருந்துதான் கடனாளியின் கடனையும் கூலிக்காரனின் கப்பல் கூலியையும் கட்டினார்கள். பொதுவுடைமை என்பது அவர்களுக்குக் கொள்கையாக வந்ததே இல்லை, கப்பல் டிக்கெட்டாகத்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதாரம் காட்டினார்கள். யான்சன் சொகுசாக இருந்தாரா என்பதற்கு சோளக்காடு முதல் குளிர்காலத்தைப் பற்றி எழுதட்டும்.

#7 சோளக்காடு

எழுதுகிறேன்.

யேவ்லே துறைமுகத்தில் கப்பலேறி நியூயார்க். அங்கிருந்து ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள் வழியாக சிகாகோ. சிகாகோவிலிருந்து சுமார் 150 மைல் நடை. பிள்ளைகளையும் முடியாதவர்களையும் வண்டியில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நடந்தே வந்தார்கள். அரசாங்க நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் கிடைத்தது.

முதல் குளிர்காலத்துக்குள் சுமார் 400 பேர் வந்துவிட்டார்கள். வீடு இல்லை. ஊருக்கு நடுவே ஓடும் ஓடைப் பள்ளத்தின் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மரத்தை நிறுத்தி, அதற்குள் குடியிருந்தார்கள். காற்றோட்டம் கிடையாது, ஈரம், ஒரே குழிக்குள் பல குடும்பம். அந்த ஒரு குளிர்காலத்தில் 96 பேர் செத்ததாகக் கணக்கு. நான்கில் ஒருவர்! அந்தச் சரிவு இன்னும் இருக்கிறது, புல் முளைத்து. மாமா இறங்கிப் பார்க்கப் போனார், அத்தை விடவில்லை.

அதோடு முடியவில்லை. 1849-ல் புதிதாக வந்த கூட்டத்தோடு காலராவும் வந்தது. 140க்கு மேல் சாவு. யான்சனின் மனைவியும் அதில் போனார். வழிப்போக்கன் சொல்கிற சொகுசு எனக்கு எங்கும் தெரியவில்லை. பிடிவாதம் தெரிகிறது, அது வேறு.

#8 நெசவுக்காரி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் துணியைப் பற்றிப் பேசவில்லையே! இந்தக் கூட்டத்துக்கு முதல் ரொக்கம் கொடுத்தது கோதுமை இல்லை, லினன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தறி. அதனால் இதை மட்டும் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். லினன் வருவது ஆளிச் செடியிலிருந்து. ஆளிவிதை என்று கடையில் விற்கிறார்களே, அதே செடிதான். பருத்தி மாதிரி பறித்து நூற்க முடியாது. செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்க வேண்டும், நார் நீளமாகக் கிடைக்க. பிறகு ஊறப்போட்டுத் தண்டை அழுகவிட வேண்டும். காயவைத்து, நொறுக்கி, சக்கையை அடித்து உதறி, ஆணி வைத்த பலகையில் சீவி எடுத்தால் தலைமுடி மாதிரி நார் வரும். அதற்குப் பிறகுதான் நூற்பதே. இதெல்லாம் ஹெல்சிங்லாந்துப் பெண்களுக்குக் கைவந்த வேலை, அந்தப் பகுதியே ஆளிக்குப் பேர்போனது. மாவு வியாபாரியின் பிரசங்கத்தைக் கேட்டு வந்தவர்கள் கூடவே தங்கள் கைத்தொழிலையும் கொண்டுவந்தார்கள்.

1851-ல் மட்டும் 28,000 கெஜத்துக்கு மேல் லினன் நெய்திருக்கிறார்கள், அதைத் தவிர கம்பளம். இத்தனைக்கும் அது ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், விசைத்தறி கிடையாது. நூற்பதும் நெய்வதும் பெண்கள், தார் சுற்றுவது பிள்ளைகள். பிறகு கிழக்கிலிருந்து மில் துணி மலிவாக வந்து இறங்கியதும் 1857 வாக்கில் விற்பனைக்கு நெய்வது நின்றுவிட்டது. இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் தெருவில் இதையே இரண்டு தடவை பார்த்தாயிற்று.

ஆண்கள் கட்டடம் கட்டினார்கள், கோதுமை விளைத்தார்கள் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தது யார் என்றும் ஒருவர் எழுதலாம்.

#9 தேரடி

அக்கா, அட்டகாசம். துடைப்பம் செய்தார்கள் என்று எங்கோ படித்தேன், அது உண்மையா?

#10 நெசவுக்காரி

உண்மைதான் தம்பி. துடைப்பச் சோளம் என்று ஒரு வகை, தானியத்துக்காக இல்லை, கதிர்க்காம்புக்காக விதைப்பார்கள். லினன் போன பிறகு கைகொடுத்தது அதுதான்.

#11 கணக்கர்

சோளக்காடு முதல் பதிவிலேயே ரயில்மேல் பழி போட்டுவிட்டார். நான் மறுக்கிறேன். ரயிலை அங்கே கொண்டுவந்தவர்களில் இவர்களும் உண்டு சார்!

1854-ல் தடம் வந்தது, பின்னால் சிகாகோ பர்லிங்டன் குயின்சி என்று பெயர் பெற்ற கம்பெனியின் தடம். அதற்கு மண் வெட்டி மேடு போட ஒப்பந்தம் எடுத்தவர்களில் இந்தக் குடியிருப்பு ஆட்களும் இருந்தார்கள். கால்வா என்ற ஊர் உருவானபோது அங்கே மனை வாங்கிப் போட்டதும் இவர்கள்தான். பெயரையே பாருங்கள், யேவ்லே துறைமுகத்தின் பெயர்தான் அமெரிக்க வாயில் கால்வா ஆகிவிட்டது. தாங்கள் கப்பலேறிய துறைமுகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆகவே "ரயில் ஊரை ஒதுக்கிவிட்டது, பாவம்" என்ற கதை வேண்டாம். கையில் காசு புரண்ட காலம் அது. கிரிமியப் போர் நடந்ததால் கோதுமைக்கு நல்ல விலை. ஊரின் கையில் 10,000 ஏக்கருக்கு மேல் நிலம்.

கெட்டது நிர்வாகத்தால். யான்சன் செத்த பிறகு 1853-ல் மாநிலச் சட்டமன்றத்தில் சாசனம் வாங்கி ஏழு அறங்காவலர்கள் கையில் எல்லாச் சொத்தும் போனது. அவர்களுக்குப் பதவிக்காலமே கிடையாது. பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஓலோஃப் ஜான்சன் என்பவர். (இவர்களில் பாதிப்பேர் ஓலோஃப், மீதிப்பேர் யோனாஸ். நான் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டுதான் படித்தேன்.) அவர் கால்வாவில் உட்கார்ந்துகொண்டு பன்றி இறைச்சி, மரம், வங்கி, இன்னொரு ரயில் கம்பெனி என்று எல்லாவற்றிலும் ஊர்ப் பணத்தைப் போட்டார். 1857-ல் அமெரிக்கா முழுக்க வங்கிகள் சரிந்தன. அந்த ரயில் கம்பெனி வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கவில்லை. பிரியும்போது கடன் லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

ஆக, தண்டவாளம் வேறு பக்கம் போனதால் கெட்ட ஊர் இல்லை இது. தண்டவாளத்தில் பணத்தைக் கொட்டிக் கெட்ட ஊர்.

#12 சோளக்காடு

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன் கணக்கர் சார். குடியிருப்பு உடைந்தது கடனால். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய நூறு வருஷம். பிரிந்த பிறகு கடை வைக்க நினைத்தவன் எல்லாம் எங்கே போனான்? கால்வாவுக்கு. ஓவியர் கிரான்ஸ்கூட அங்கேதான் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தார். அவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். ஆம்ட்ராக் பயணிகள் ரயில் இன்றும் கால்வா வழியாகத்தான் போகிறது, அங்கேயும் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

#13 வழிப்போக்கன்

யான்சன் "செத்த பிறகு"னு சாதாரணமா தாண்டிட்டீங்க. எப்படி செத்தார்?

#14 பழையபேப்பர்

சுட்டுக் கொன்றார்கள். நீதிமன்றத்தில்.

ஜான் ரூட் என்று ஒரு சுவீடன்காரர் 1840களின் கடைசியில் ஊருக்கு வந்து சேர்ந்தார். யான்சனின் உறவுப்பெண் ஷார்லட்டைக் கட்டிக்கொண்டார். திருமணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ரூட் ஊரைவிட்டுப் போக விரும்பினால் போகலாம், ஷார்லட் இங்கேயே இருக்க உரிமை உண்டு. சொன்ன மாதிரியே ரூட்டுக்கு ஊர் பிடிக்காமல் போனது. மனைவியும் கைக்குழந்தையும் கூட வரவேண்டும் என்றார். யான்சன் விடவில்லை. ரூட் மனைவியைத் தூக்கிக்கொண்டு போனார், ஊர்க்காரர்கள் போய் மீட்டு வந்தார்கள். இதெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. ரூட் அக்கம்பக்கத்து அமெரிக்க விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு வந்து ஊரையே கொளுத்துவதாக மிரட்டினார். யான்சன் கொஞ்ச நாள் செயின்ட் லூயிஸ் பக்கம் போய் ஒதுங்கியிருந்தார்.

வழக்குகள் இருந்ததால் திரும்பி வந்தே ஆகவேண்டிய நிலை. 1850 மே 13. ஹென்றி கவுண்டியின் தலைநகர் கேம்பிரிட்ஜ். மதிய இடைவேளை. ரூட் நீதிமன்றத்துக்கு வந்து சுட்டார். யான்சனுக்கு வயது 41. ரூட்டுக்குக் கிடைத்தது இரண்டே வருஷச் சிறை. அக்கம்பக்கத்தில் யார் பக்கம் அனுதாபம் இருந்தது என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் யோனாஸ் ஓல்சன் எங்கே என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டி ஊர்க் கடனை அடைக்கலாம் என்று யான்சனே ஆட்களோடு அவரை அனுப்பிவைத்திருந்தார். தங்கம் கிடைக்கவில்லை. செய்தி கேட்டு 1851-ல் திரும்பி வந்து தலைமையை எடுத்துக்கொண்டார்.

#15 வழிப்போக்கன்

மூன்றாம் நாள் எழுந்து வருவார்னு காத்திருந்தாங்களா?

#16 பழையபேப்பர்

அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் கிண்டலாகக் கேட்டாலும், மூன்று வருஷத்துக்குள் குளிரிலும் காலராவிலும் இருநூறு பேருக்கு மேல் புதைத்துவிட்டு இன்னும் அங்கேயே இருந்தவர்கள் அவர்கள். காத்திருந்திருப்பார்கள்.

#17 நெசவுக்காரி

பழையபேப்பர் சார், கதையை நன்றாகச் சொன்னீர்கள். ஒன்று மட்டும் உறுத்துகிறது. ரூட் என்ன நினைத்தார், யான்சன் என்ன சொன்னார், கும்பல் என்ன செய்தது எல்லாம் வருகிறது. ஷார்லட் என்ன விரும்பினார் என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நான் படித்த எதிலும் அவர் ஒரு மூட்டை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக்கொண்டு போகப்படுகிறார். "மனைவியைப் பிரித்த சாமியார்" என்று ஒரு கட்சி, "பெண்ணைக் கடத்திய முரடன்" என்று ஒரு கட்சி. அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. போகாமல் இருக்க உரிமை வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதி வாங்கிய பெண் 1840களில் எத்தனை பேர்?

#18 பழையபேப்பர்

நியாயம் அம்மா. அந்த ஒப்பந்தத்தை யான்சன் தன் பிடிக்காக எழுத வைத்தார் என்றுதான் இதுவரை படித்தேன். அவள் தனக்காகவும் எழுதியிருக்கலாம் என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

#19 ஐயோவாக்காரி

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எட்டிப்பார்வை. எங்கள் ஐயோவாவில் அமானா இருக்கிறது. ஜெர்மன்காரர்கள், 1855-ல் வந்தவர்கள், ஏழு ஊர். அவர்களும் பொதுச்சொத்து, பொதுச்சமையல். அவர்கள் 1932 வரை தாக்குப்பிடித்தார்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டி கம்பெனி ஆனார்கள் (அமானா என்ற பெயரைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள்). அதே மண், அதே குளிர், அதே சோளம். இவர்கள் மட்டும் ஏன் பதினைந்து வருஷத்தில் முடிந்தார்கள்? கணக்கர் சொல்கிற கடன் மட்டும்தான் காரணமா?

#20 கணக்கர்

நல்ல கேள்வி. இன்னொன்றும் உண்டு. 1854-ல் நிர்வாகம் திடீரென்று பிரம்மச்சரியம் கொண்டுவந்தது. கென்டக்கியில் ஷேக்கர்கள் என்று ஒரு கூட்டம், கல்யாணமே செய்துகொள்ளாத சபை. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களின் பாதிப்பு என்கிறார்கள். குடும்பம் குடும்பமாக, பிள்ளைகுட்டியோடு கடல் தாண்டி வந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால்? ஒரு பகுதியினர் வெளியேறினார்கள். இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். கடன் வெளியே தெரிந்தபோது நிர்வாகத்துக்காகப் பேச ஆளில்லாமல் போனதற்கு இதுவும் காரணம் என்பது என் கணக்கு.

பிரிந்த பிறகும் நிம்மதி இல்லை. பங்கு கிடைத்தவர்களிடம் "பழைய கடனுக்கு இன்னும் கொடு" என்று கேட்டார்கள். 1868-ல் வழக்கு. முடிந்தது 1879-ல். பதினைந்து வருஷக் குடித்தனத்துக்குப் பதினொரு வருஷ வழக்கு. பாகப்பிரிவினை வழக்கு பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

#21 தேரடி

விசுவாசம் என்ன ஆனது?

#22 பழையபேப்பர்

கலைந்துபோனது. பலர் மெதடிஸ்ட் ஆனார்கள். யோனாஸ் ஓல்சன் கடைசியில் அட்வென்டிஸ்ட். 1861-ல் உள்நாட்டுப் போர் வேறு. இல்லினாய் 57-ம் காலாட்படையின் டி கம்பெனி முழுக்க இந்தச் சுவீடன்காரர்கள்தான், ஷைலோவில் சண்டை போட்டார்கள். சொத்துப் பிரித்த கையோடு துப்பாக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன் கேப்டன் எரிக் ஃபோர்சே போர் முடிந்து கான்சாஸ் போய் ஃபாலுன் என்று இன்னொரு ஊரை உண்டாக்கினார்.

#23 சோளக்காடு

நான் எழுதுவதாகச் சொன்ன கிரான்ஸ்.

ஓலோஃப் கிரான்ஸ் 1838-ல் சுவீடனில் பிறந்து, 1850-ல் பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவர். பிறந்தபோது பெயர் ஓலோஃப் ஓல்சன். (கணக்கர் பட்டியலில் இன்னொருவர்!) பட்டாளத்தில் சேர்ந்த சமயத்தில் கிரான்ஸ் என்று மாற்றிக்கொண்டார். பிறகு கால்வாவில் வீட்டுச் சுவருக்கும் விளம்பரப் பலகைக்கும் பெயின்ட் அடித்து வாழ்ந்தார். 1896-ல் ஊரின் ஐம்பதாம் ஆண்டு. அந்தச் சமயம் காலில் அடிபட்டு வீட்டில் கிடந்தவர், சின்ன வயதில் பார்த்ததை எல்லாம் வரைய ஆரம்பித்தார். பயிற்சி ஒன்றும் கிடையாது. ஊர்ப் பெரியவர்களின் முகங்கள், சபை, வயல். இன்று அந்தப் படங்களுக்கென்று ஊரில் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

ஒரு படத்தின் முன்னால் மாமா நின்றவர் நகரவில்லை. நடவுப் படம். பரந்த கறுப்பு மண். வயலின் இந்தக் கோடியில் ஒரு ஆண், அந்தக் கோடியில் ஒரு ஆண், இருவருக்கும் நடுவே இழுத்துப் பிடித்த கயிறு. கயிற்றை ஒட்டி ஒரே வரிசையில் பெண்கள், தலையில் துணி, கையில் குச்சி, குழி போட்டு விதை போட. ஒரு வரிசை முடிந்ததும் கயிறு ஒரு எட்டு நகரும், பெண்களும் நகர்வார்கள். எல்லார் பாவாடையும் ஒரே நீலம், எல்லார் முதுகும் ஒரே வளைவு.

மாமா தஞ்சாவூர்ப் பக்கம். "அட, கயிறு கட்டி நடறாங்கப்பா" என்றார். பக்கத்தில் நின்ற அமெரிக்கத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. "கயித்தைப் புடிச்சுட்டு நிக்கிறது மட்டும் இங்கயும் ஆம்பளைதான்" என்று அத்தை சொன்னார்.

#24 நெசவுக்காரி

அத்தைக்கு என் வணக்கம் 😄

இன்னொரு படம் பார்த்தீர்களா? பாலத்துக்கு மரத்தூண் அடிக்கிற படம். பெரிய கட்டையைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். கயிற்றை இழுப்பது முழுக்கப் பெண்கள்.

#25 வழிப்போக்கன்

ஒரு குறுக்குக் கேள்வி. பன்னிரண்டு வயசுல பார்த்ததை ஐம்பத்தெட்டு வயசுல வரைஞ்சா அது வரலாறா, ஏக்கமா? எல்லாரும் ஒரே வரிசை, ஒரே உடை, ஒரு சண்டை இல்லை. கடன், வழக்கு, துப்பாக்கி ஒண்ணும் படத்துல காணோம்.

#26 பழையபேப்பர்

இந்த இழையில் நீங்கள் கேட்ட உருப்படியான கேள்வி இதுதான் வழிப்போக்கன். நானும் அதையே நினைத்தேன். பதினொரு வருஷ வழக்கு முடிந்து பதினேழு வருஷம் கழித்து, ஆண்டுவிழாவுக்காக வரைந்த படம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்களை மறுபடி ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். அறுவடைப் படத்தில் ஆட்கள் இராணுவ அணிவகுப்பு மாதிரி நிற்பார்கள், எந்த வயலிலும் அப்படி நிற்க மாட்டார்கள். ஆனால் கயிறு, குச்சி, முடிச்சு மாதிரியான வேலை நுணுக்கங்களை நான் நம்புவேன். வேலை செய்த கை அதைத் தப்பாக வரையாது.

#27 தேரடி

இப்போது ஊரில் என்ன இருக்கிறது? போனால் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் 114 பேருக்கு வில்லேஜ் என்று தனி நிர்வாகமா?

#28 சோளக்காடு

அரை நாள் போதும். சபைக் கட்டடத்தைக் கட்டாயம் பாருங்கள். மேல்மாடியில் வழிபாட்டுக் கூடம், கீழே குடும்பங்கள் தங்க இருபது அறை. கூடத்தில் நட்டநடுவே தடுப்பு, ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். இருக்கைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், கறுப்பு வால்நட் மரம், வழவழவென்று இருக்கிறது. குழிக்குள் குடியிருந்துவிட்டு வந்து இரண்டாம் வருஷத்தில் இப்படி ஒரு வேலை!

பெரிய செங்கல் வீடு என்று ஒன்று இருந்தது. 200 அடி நீளம், நான்கு மாடி, 96 அறை, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் கூடம். சிகாகோவுக்கு மேற்கே இதைவிடப் பெரிய கட்டடம் இல்லை என்று அந்தக் காலத்தில் பெருமை பேசுவார்களாம். 1928-ல் எரிந்துவிட்டது. இப்போது வெறும் புல்தரை. முதல் குளிர்காலத்தில் செத்தவர்கள் 96, அறைகளும் 96. தற்செயல்தான், ஆனாலும் பலகையில் படித்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன்.

சபையை 1946-ல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1984-ல் ஊரே தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. ஆனாலும் மாநிலத்துக்குக் காசு முட்டும்போது முதலில் கை வைப்பது இந்த மாதிரி இடங்களில்தான். 2008 கடைசியில் பூட்டினார்கள், அடுத்த வசந்தத்தில் திறந்தார்கள்.

நிர்வாகம் கேட்டீர்களே, இல்லினாயில் வில்லேஜ் என்பது சட்டப்படி ஒரு நகராட்சி மாதிரி. வழக்கமாக ஒரு தலைவர், ஆறு டிரஸ்டிகள். கூட்டினால் ஏழு.

#29 கணக்கர்

மறுபடியும் ஏழு டிரஸ்டியா! இந்தத் தடவையாவது வருஷா வருஷம் தணிக்கை நடந்தால் சரி.

#30 ஐயோவாக்காரி

அந்தக் கடிகாரத்துக்குப் பதில் யாரும் சொல்லவில்லையே. ஏன் நிமிட முள் இல்லை?

#31 சோளக்காடு

வழிகாட்டியிடம் கேட்டேன். "மணி தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்" என்று சிரித்தார். அதையே எல்லாருக்கும் சொல்வார் போல. சாப்பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மணி அடித்துக் கூப்பிடுகிற ஊரில் பத்தே கால், பத்தரை யாருக்கு வேண்டும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். கணக்கர் சார் "இன்னொரு முள்ளுக்குக் காசில்லை" என்பார்.

#32 கணக்கர்

1850களின் கடைசி. கடன் ஏறிக்கொண்டிருந்த காலம். சொல்லத்தான் செய்வேன்.

#33 சோளக்காடு

ஒரு பின்குறிப்பு. மாமா நேற்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. சுகமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதியிருப்பார் என்று திறந்தால், "அந்த கயிறு படத்தை அனுப்பு மாப்ள. அடுத்த வாரம் நடவு, ஆளுங்களுக்குக் காட்டணும்."

அனுப்பிவிட்டேன். கூடவே அத்தையின் குரல் பதிவு ஒன்று வந்தது: "கயிறு புடிக்கிறது யாருன்னும் காட்டச் சொல்லு."